ஒன்பது பாட்டு கையில் இருக்கிறது, ஆல்பமாக விடுவதா ஒவ்வொன்றாக விடுவதா?

கட்பீஸ் (திருப்பூர்):

வணக்கம். மூன்று வருடமாக இங்கே எல்லோரும் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போதுதான் முதல் முறையாகக் கேட்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 27. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்து இப்போது சூப்பர்வைசர். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து ராத்திரி எட்டரைக்கு வெளியே. ஷிப்மென்ட் நெருங்கினால் விடிய விடிய. அதற்கு மேல் கிடைக்கிற நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் எழுதி, பாடி, ஒன்பது ராப் பாட்டு சேர்த்துவிட்டேன். ஆல்பத்தின் பெயர் 'ஒன்றரை ஷிப்ட்'. ஒன்பதும் சேர்ந்து ஒரே ஒரு சனிக்கிழமை. முதல் பாட்டில் கம்பெனி வேன் வருகிறது, ஐந்தாவதில் டீ டைம், ஒன்பதாவதில் சம்பளக் கவர்.

ஸ்டுடியோ என்று எதுவும் கிடையாது. வாடகை வீட்டில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற சந்து. சத்தம் எதிரொலிக்காமல் இருக்க ஃபோம் வாங்கலாம் என்று விலை கேட்டேன், கேட்டதோடு சரி. கட்டிங் வேஸ்ட் நாலு மூட்டை எடைக்கு வாங்கிவந்து பழைய போர்வைக்குள் திணித்துத் தைத்து மூன்று பக்கமும் சாய்த்து வைத்துவிட்டேன். அருமையாக வேலை செய்கிறது, ஒரே குறை பஞ்சுத் தூசு. நாலாவது பாட்டின் இரண்டாம் வெர்ஸில் ஒரு தும்மல் கேட்கும். அந்த டேக்கைவிட நல்ல டேக் அப்புறம் வரவே இல்லை, அதனால் தும்மலையும் விட்டுவிட்டேன். ஃபேன் போட்டால் மைக்கில் விழும். ஏப்ரலில் ஒரு வெர்ஸ் முடிப்பதற்குள் சட்டையைப் பிழியலாம்.

ஆறு பீட் (குரலுக்கு அடியில் ஓடும் இசை) நண்பன் போட்டது, பகலில் அவனுக்குப் பிரின்டிங் யூனிட்டில் டிசைன் வேலை. இரண்டு பீட் நெட்டில் லீஸுக்கு எடுத்தது, அதாவது அதே பீட்டை வேறு ஆட்களுக்கும் கொடுப்பார்கள். கடைசிப் பாட்டின் பீட் மட்டும் என்னுடையது. ஓவர்லாக் மெஷின் ஓடும் சத்தத்தைப் போனில் பிடித்து வெட்டி ஒட்டிச் செய்தேன். நான் பதிவு செய்வதைப் பார்த்த டெய்லர் அக்கா, "ஏஞ்சாமி, இந்தத் தலைவலிச் சத்தத்தையா புடிச்சுட்டுப் போற?" என்று கேட்டார்.

சரி, கேள்விக்கு வருகிறேன்.

ஒன்று, ஆல்பம் என்றாலே யாரும் முழுதாகக் கேட்பதில்லை, ஒவ்வொன்றாக விடு, ரீல்ஸுக்கு முப்பது செகண்ட் வெட்டு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் இது ஒரு நாளின் கதை. மூன்றாவதை மட்டும் தனியாகக் கேட்டால் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்றே புரியாது.

இரண்டு, போன வருடம் லீஸ் பீட்டில் ஒரு பாட்டு விட்டேன். பதினோராவது நாள் யூடியூபில் உரிமைக் கோரிக்கை வந்தது. அதே பீட்டை வாங்கிய வேறு எவரோ தன் பாட்டைக் கண்டென்ட் ஐடியில் (ஒரே மாதிரி ஒலியைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் ஏற்பாடு) பதிந்திருக்கிறார். இப்போதும் இரண்டு பாட்டு அப்படித்தான் இருக்கிறது, பயமாக இருக்கிறது.

மூன்று, ஒரு கம்பெனியிலிருந்து பேசினார்கள். ஒன்பதுக்கும் சேர்த்து நாற்பதாயிரம் தருகிறோம், எல்லா உரிமையும் எங்களுக்கு என்று ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள். மிக்ஸிங்குக்கு (குரலையும் பீட்டையும் அளவாகச் சேர்க்கிற வேலை) வெளியில் பாட்டுக்கு மூவாயிரம் கேட்கிறார்கள், அதாவது 27,000. கையில் அவ்வளவு இல்லை. கையெழுத்துப் போட்டுவிடலாமா?

---

மூணாவது பெஞ்ச்:

சகோ, மனம் வருத்தப்படாதீங்க, ஆல்பம் வேண்டாம். ஸ்பாட்டிஃபையில் 2024-லிருந்து ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது ஓடினால்தான் காசே. ஒன்பதையும் ஒரே நாளில் கொட்டினால் முதல் இரண்டு ஓடும், மற்ற ஏழும் ஆயிரத்தைத் தாண்டாமல் படுத்துக்கொள்ளும். நான் 2023-ல் ஏழு பாட்டு மொத்தமாக விட்டேன். ஐந்தாவது பாட்டை இன்றுவரை கேட்டவர்கள் 61 பேர். அதில் 40 நான், மீதி என் தங்கச்சி.

மாதம் ஒன்று விடுங்க. ஒன்பது மாதம் உங்க பேர் ஓடிக்கிட்டே இருக்கும்.

---

மிக்ஸ்ரூம் (வளசரவாக்கம்):

தம்பி, முதலில் ஒன்று. அந்த ஒரு பக்கத்தில் இன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். மற்றதை மெதுவாகப் பேசலாம்.

நான் பதினோரு வருடமாக மிக்ஸிங் செய்கிறேன். ரூம் வாடகை கட்டுவது சீரியல் பின்னணியும் ஆடி மாதத்து அம்மன் பாட்டும்தான். ராப் பையன்கள் எல்லோரும் கடன் நோட்டில் இருக்கிறார்கள். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் எனக்காகக் கேட்பது ராப் மட்டுமே. லேபிள் இல்லாமல் நின்ற ஆள் யார் என்று என்னைக் கேட்டால் சிகாகோவின் சான்ஸ் த ராப்பர் கதையைத்தான் சொல்வேன். ஜெயித்த கதை என்பதால் மட்டும் சொல்லவில்லை. நடுவில் நன்றாகச் சறுக்கியும் இருக்கிறார்.

பள்ளியில் பத்து நாள் சஸ்பெண்ட் ஆன பையன். அந்தப் பத்து நாளை வைத்துத் தொடங்கிய மிக்ஸ்டேப் 2012-ல் வந்தது, பெயரே '10 டே'. அடுத்த வருடம் 'ஆசிட் ராப்'. இரண்டையும் இலவசமாக நெட்டில் போட்டார். 2016 மே மாதம் 'கலரிங் புக்'. சிடி கிடையாது, டவுன்லோடு விற்பனை கிடையாது, ஸ்ட்ரீமிங் மட்டும். ஸ்ட்ரீமிங்கை மட்டும் நம்பி அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் ஏறிய முதல் ஆல்பம் அதுதான், எட்டாம் இடம். விற்பனைக்கு வராத ஆல்பத்துக்கும் கிராமி தரலாம் என்று விதி மாறியது அதே கோடையில். 2017 பிப்ரவரியில் மூன்று கிராமி வாங்கினார்.

உனக்கு வேண்டிய இடம் இதுதான், கவனி. அந்த ஆல்பம் முதல் இரண்டு வாரம் ஆப்பிள் மியூசிக்கில் மட்டும் இருந்தது. அதற்கும் ஒரு விளம்பரத்துக்கும் சேர்த்து ஐந்து லட்சம் டாலர் வாங்கியதாக அவரே பிறகு வெளியில் சொன்னார். இரண்டு வாரத்தை மட்டும் விற்றுவிட்டுப் பாட்டைத் தன் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார், பார்த்தாயா? உன்னிடம் நாற்பதாயிரத்துக்கு எத்தனை வருடம் கேட்கிறார்கள்? தாளை எடுத்துத் தேடு. காலம் போட்டிருக்கிறதா, எந்த நாடு என்று போட்டிருக்கிறதா? நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவில் இது இருக்கிறது. எழுதிக் கையெழுத்திட்டால்தான் உரிமை மாற்றம் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று மறக்காமல் எழுதுவார்கள். உன் தாளில் அந்த இரண்டு சொல்லும் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். இன்னொன்று, 2012 திருத்தத்துக்குப் பிறகு பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டியில் உள்ள சம பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. அப்படி ராயல்டி வசூலித்துத் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் நீயும் உன் நண்பனும் உறுப்பினராகிவிடுங்கள். நான் வக்கீல் இல்லை. திருப்பூரில் ஏற்றுமதி ஒப்பந்தம் பார்க்கிற வக்கீல் தெருவுக்கு ஒருவர் இருப்பார், ஐநூறு ரூபாய் கொடுத்து அந்த ஒரு பக்கத்தைக் காட்டு.

இப்போது லீஸ் பீட். 'ஆசிட் ராப்' இலவசமாக இருந்தவரை அனுமதி ஒரு தடையாக இல்லை. 2019-ல் ஸ்ட்ரீமிங்குக்குக் கொண்டுவந்தபோது அதில் பெயர் பெற்ற ஒரு பாட்டுக்கு சாம்பிள் அனுமதி, அதாவது வேறொருவர் பாட்டிலிருந்து எடுத்த துண்டுக்கான அனுமதி, கிடைக்கவில்லை. பாட்டு இருந்த இடத்தில் அரை நிமிடம், இதை வெளியிட முடியவில்லை என்று அவர் குரலில் ஒரு செய்திதான் இருந்தது. ஆறு வருடம் கழித்து, கிராமி வாங்கிய பிறகும், தன் ஆல்பத்திலேயே ஓர் ஓட்டை. உன் இரண்டு பாட்டையும் அப்படி விடாதே. ஒன்று, அந்த பீட்காரரிடம் முழு உரிமையை விலைக்குக் கேள், சில நேரம் நினைத்ததைவிடக் குறைவாகச் சொல்வார்கள். இல்லையென்றால் உன் குரலை மட்டும் வைத்துக்கொண்டு உன் நண்பனைப் புது பீட் போடச் சொல். வேகம் அதே வேகமாக இருந்தால் திரும்பப் பாடக்கூட வேண்டாம்.

சறுக்கல் என்றேனே. 2019 ஜூலையில் 'தி பிக் டே'. 22 பாட்டு, 77 நிமிடம். பட்டியலில் இரண்டாம் இடம் வந்தது, ஆனால் கேட்டவர்கள் சிரித்தார்கள். மனைவியைப் பற்றியே பாடுகிறார் என்று கேலி. அந்த வருடக் கடைசியில் சுற்றுப்பயணத்தை ரத்து செய்தார். 2020 நவம்பரில் முன்னாள் மேனேஜர் 30 லட்சம் டாலர் பாக்கி என்று வழக்குப் போட, இவர் எதிர்வழக்குப் போட்டார். இருவருக்கும் நடுவே இருந்தது வாய்ப்பேச்சு ஒப்பந்தம். அத்தனை பெரிய ஆள், கையில் தாள் இல்லை! உன் ஆறு பீட் போட்ட நண்பனுக்கும் உனக்கும் தாள் இருக்கிறதா?

அப்புறம் ஆறு வருடம் முழு ஆல்பம் எதுவும் இல்லை. 2025 ஆகஸ்ட் 15-ல் 'ஸ்டார் லைன்' வந்தது, சொந்தமாகவே வெளியிட்டார். மார்க்கஸ் கார்வி 1919-ல் கறுப்பு மக்களுக்காகத் தொடங்கிய 'பிளாக் ஸ்டார் லைன்' கப்பல் கம்பெனியிலிருந்து வந்த பெயர் அது. வ.உ.சி.யை நினைத்துக்கொள், நமக்கு விளக்கம் தேவைப்படாது. 2023 ஜனவரியில் கானாவின் அக்ராவில் அந்தக் கம்பெனியின் பெயரிலேயே விக் மென்சா என்ற இன்னொரு சிகாகோ ராப்பரோடு சேர்ந்து இசை விழா நடத்தினார். ஆகவே இந்தப் பெயர் அவசரத்துக்கு ஒட்டியது இல்லை. எனக்கு அன்று விடுமுறை. ஷட்டரை இறக்கிவிட்டு முழுதாக ஒரே மூச்சில் கேட்டேன். குரலில் பழைய துள்ளல் குறைந்திருக்கிறது, சொல்லுக்கு நடுவே மூச்சு விடக் கற்றுக்கொண்டிருக்கிறார். இன்னும் நாலு பாட்டைக் கழித்திருக்கலாம். ஆனாலும் வரிசையாகக் கேட்க வேண்டிய ஆல்பம்.

உன்னிடம் ஒன்பதுதானே. கழிக்க வேண்டாம்.

---

மூணாவது பெஞ்ச்:

அண்ணா, அவர் 2016-ல் ஏறிய ஏணி வேற. இப்போ ஒரு நாளைக்கு எத்தனை பாட்டு வருது? திருப்பூர் பையனுக்கு ஆப்பிள்காரன் வந்து கதவைத் தட்டப் போறதில்ல.

---

கிள்ளான்வாசி:

தட்ட மாட்டான்தான். ஆனால் எங்கள் மலேசியாவின் தமிழ் ராப்பர் யோகி பி வீட்டுக் கதவை மட்டும் யார் தட்டினார்கள்? 2006-ல் அவருடைய 'வல்லவன்' ஆல்பம் வந்தபோது நான் கிள்ளானில் லாரிப் பட்டறையில் இருந்தேன். எங்கள் முதலாளிக்கு ராப் பிடிக்காது. இது என்னடா வாய்க்குள் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசுகிறான் என்பார். மூன்று மாதத்தில் அவரே ஒரு சிடியை வண்டியில் போட்டுக்கொண்டு போனார். அது ஆல்பமாக இருந்ததால்தான் அவர் கையில் நின்றது. அதற்கு முன்பே தொண்ணூறுகளில் பொயட்டிக் அம்மோ குழுவில் பாடிப் பழகிய ஆள் யோகி பி. மலேசியாவில் தொடங்கியது 2007-ல் உங்கள் ஊர் சினிமா வரை போனது. அப்புறம்தான் உங்கள் பக்கம் 2012-ல் 'ஹிப்ஹாப் தமிழன்', 2019-ல் அறிவும் ஆஃப்ரோவும் செய்த 'தெருக்குரல்' எல்லாம். நாங்கள் ஒவ்வொன்றையும் ஆல்பம் பெயரால்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

தம்பி, அந்தத் தும்மலை எடுத்துவிடாதே லா.

---

கட்பீஸ்:

எல்லோருக்கும் நன்றிங்க. மிக்ஸ்ரூம் அண்ணா, பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்' இரண்டும் மூன்றாவது வரியிலேயே இருக்கிறது. 'இனி வரும் தொழில்நுட்பங்களிலும்' என்று கூடுதலாக ஒன்று. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அறுபதாயிரம் தருகிறோம் என்றார்கள். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது, காலையில் நாற்பது பெற்ற பாட்டு சாயங்காலம் எப்படி அறுபது பெறும்?

நண்பனிடம் தாள் பற்றிப் பேச நாக்கு எழவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். டீக்கடையில் வைத்து மெதுவாகச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "போன வாரமே நான் கேட்கணும்னு இருந்தேன், நீ தப்பா நினைப்பியோன்னு விட்டுட்டேன்" என்றான். அவன் போட்ட ஆறு பாட்டிலும் பாதிப் பாதி என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொண்டோம். இரண்டு லீஸ் பீட்டையும் தூக்கிவிட்டு அவனே புதிதாகப் போடுகிறான், அப்படியானால் எட்டு.

ஆனால் மூணாவது பெஞ்ச் சகோ சொன்னதும் மண்டைக்குள் ஓடுகிறது. ஆயிரம் தடவைகூட ஓடாவிட்டால்?

---

மிக்ஸ்ரூம் (வளசரவாக்கம்):

அவர் சொன்னதில் தப்பு இல்லை. இரண்டையும் செய்யலாம், வழி இருக்கிறது. முதலில் ஒரு பாட்டைத் தனியாக விடு. ஐந்து வாரம் கழித்து இரண்டாவது, பிறகு மூன்றாவது. அப்புறம் ஆல்பத்தை ஏற்றும்போது அந்த மூன்றுக்கும் பழைய ஐஎஸ்ஆர்சி எண்ணையே (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உள்ள அடையாள எண்) கொடு, புது எண் வாங்கிவிடாதே. ஒலிக் கோப்பும் அதுவே, பெயரில் ஒரு புள்ளிகூட மாறக் கூடாது. தனியாக ஓடிய எண்ணிக்கை ஆல்பத்திலும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். புதிதாக வருபவனுக்கு ஆல்பம் காலியாகத் தெரியாது. ஒவ்வொரு முறையும் குறைந்தது ஏழு நாள் முன்னாலேயே ஸ்பாட்டிஃபையின் கலைஞர் பக்கத்தில் அந்தப் பாட்டை பிளேலிஸ்ட்டுக்குப் பரிந்துரை செய். மூன்று வாரம் முன்னால் என்றால் இன்னும் நல்லது. வெளிவந்த பாட்டுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. ஒரு வெளியீட்டில் ஒரு பாட்டுக்குத்தான் கிடைக்கும். ஆகவே மொத்தமாகக் கொட்டினால் ஒரு வாய்ப்பு, இப்படிப் போனால் நாலு.

பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற இடங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் விநியோகத் தளம் எடுக்கும்போது வருடச் சந்தாவா, ஒரே முறை கட்டணமா என்று பார். சந்தா வகையில் கட்டுவதை நிறுத்தினால் பாட்டை இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. கல்யாணம், வீடு மாற்றம் என்று ஒரு வருடம் மறந்துபோகும், நம் பிழைப்பு அப்படி.

மிக்ஸிங் விஷயம். 27,000 கொடுக்காதே. ஸ்டெம்ஸை (குரல், பீட் என்று தனித்தனியாகப் பிரித்த கோப்புகள்) அனுப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு, குரலில் எந்த எஃபெக்ட்டும் வேண்டாம், ஆட்டோட்யூன் போட்டிருந்தால் அதோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. ஆடிப் பாட்டு வேலை முடிந்து எனக்கு மூன்று வாரம் இடைவெளி இருக்கிறது. மொத்தம் ஒன்பதாயிரம் கொடு, அதையும் நாலு சனிக்கிழமையாகக் கொடு.

---

கட்பீஸ்:

அண்ணா, என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஸ்டெம்ஸ் நேற்று ராத்திரி ஏற்றிவிட்டேன், வீட்டு நெட்டில் ஐந்து மணி நேரம் ஆனது.

நேற்று டீ டைமில் அந்த டெய்லர் அக்காவுக்குக் கடைசிப் பாட்டை ஹெட்போனில் போட்டுக் காட்டினேன். முதல் இருபது செகண்ட் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "இது என்ர மெசின் இல்லியே" என்றார். நான் பதிவு செய்த அன்று அவர் மெஷினில் நூல் அறுந்து பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கிறார். சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டார். தன்னுடையது இன்னும் கொஞ்சம் 'கீச்' என்று இருக்குமாம், அதையும் ஒரு தடவை பிடித்துக்கொள் என்கிறார். திங்கட்கிழமை பிடிக்கிறேன். அண்ணா, ஒன்பதாவது பாட்டை மட்டும் தொடாமல் வைத்திருங்கள், பீட் மாறும்.

ஒரே ஒரு சந்தேகம். எல்லோரும் வெள்ளிக்கிழமையில்தான் ஆல்பம் விடுகிறார்கள். நான் சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு விடலாமா? அப்போதுதான் எங்கள் ஆட்கள் கையில் சம்பளத்தோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பார்கள்.

---

மிக்ஸ்ரூம் (வளசரவாக்கம்):

வெள்ளிக்கிழமை என்பது 2015 ஜூலையில் உலகத்து லேபிள்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்ட கணக்கு. உனக்குத்தான் லேபிள் இல்லையே. தேதியைச் சனிக்கிழமை என்று போட்டுவிடு. நேரத்தைக் குறிக்க எல்லாத் தளமும் விடாது, நள்ளிரவே வந்துவிடும். ஒன்பது மணிக்கு நீ லிங்க்கை அனுப்பு, போதும்.

மெஷின் சத்தத்தை இந்த முறை போனை மேஜை மேல் வைத்துப் பிடிக்காதே, அதிர்வு ஏறும். அந்த அக்கா கையிலேயே கொடு.